மண்ணுக்குள்ளே ஒரு வங்கி!

மூன்றாம் ஆண்டு மாணவன், சிவில் பிரிவு



வங்கி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பணம் போடுவோம், தேவைப்பட்டால் எடுப்போம். போடாமலே எடுத்துக்கொண்டிருந்தால் ஒருநாள் கணக்கு காலி! இதே மாதிரி ஒரு வங்கி நம் காலடி மண்ணிலும் இருக்கிறது. அதில் பணத்துக்குப் பதில் விதை இருக்கிறது. அந்த வங்கி நம் மாவட்டத்துப் புல்வெளிகளில் மெல்ல மெல்லக் காலியாகிக்கொண்டிருக்கிறது என்பதையும், நாளைக்கு சைட்டில் நின்று வேலை வாங்கப்போகிற நமக்கும் அதில் பங்கு உண்டு என்பதையும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

"சிவில் படிக்கிறவனுக்கு எதுக்குப்பா புல்லு, பூண்டு ஆராய்ச்சி?" என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். மண்ணைப் பற்றி மூன்று வருடமாகப் படிக்கிறோம். சல்லடையில் சலிக்கிறோம், ஈரம் பார்க்கிறோம், எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடுகிறோம். வேலை ஆரம்பிக்கும்போது மேல்மண்ணை என்ன செய்யச் சொல்கிறார்கள்? 'வழித்து அப்புறப்படுத்து' என்கிறார்கள். புல்லும் வேரும் மக்கும் கலந்த மண் பாரம் தாங்காது என்பது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குப்பை என்று நாம் வழித்துத் தள்ளுகிற அந்த அரையடி மண்ணில்தான் ஒரு காட்டின் முழுச் சேமிப்பும் இருக்கிறது. இதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

யார் விதைத்தது?

சித்திரை, வைகாசியில் வேடசந்தூர்ப் பக்கமோ ஒட்டன்சத்திரம் பக்கமோ பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள். மேய்ச்சல் காடெல்லாம் வெந்து போய், செம்மண்ணும் சரளையும்தான் தெரியும். பச்சை என்று சொல்ல ஒன்றும் இருக்காது. அதே இடத்தை ஐப்பசியில் இரண்டு நல்ல மழை விழுந்து பத்து நாள் கழித்துப் பாருங்கள். தரை முழுக்கப் பச்சைப் படலம்! புல், கொழுஞ்சி, நெருஞ்சி என்று என்னென்னவோ முளைத்திருக்கும். யாரும் ஏர் ஓட்டவில்லை; யாரும் விதைக்கவில்லை. பின் எங்கிருந்து வந்தது?

போன மழைக்கும் அதற்கு முந்தைய மழைக்கும் முளைத்த செடிகள் உதிர்த்த விதைகள் மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருந்தன. மழை வந்து தட்டியதும் எழுந்துவிட்டன. இப்படி மண்ணுக்குள் உயிரோடு காத்திருக்கும் விதைகளின் மொத்தத்தைத்தான் விஞ்ஞானிகள் 'மண் விதை வங்கி' என்கிறார்கள். இதில் பெரும்பகுதி மேலே உள்ள 5 முதல் 10 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். அதற்குக் கீழே போன சின்ன விதை முளைத்தாலும் வெளிச்சத்தை எட்டிப் பிடிக்கும் முன்பே அதன் சத்து தீர்ந்துவிடும்.

விதை எவ்வளவு காலம் தூங்கும்? அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற பேராசிரியருக்கு 1879-இல் இதே சந்தேகம் வந்தது. 20 பாட்டில்களில் ஈரமணலோடு 21 வகைச் செடிகளின் விதைகளைப் போட்டு, வகைக்கு 50 விதை வீதம், பூமியில் புதைத்து வைத்தார். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஒரு பாட்டிலைத் தோண்டி எடுத்து முளைக்கப் போட்டார்கள். அவர் காலமாகிவிட்டார், அவருக்குப் பின் வந்தவர்கள் விடாமல் அந்தச் சோதனையைத் தொடர்கிறார்கள். 2021-இல் ஒரு பாட்டிலை எடுத்தார்கள். 142 வருடம் மண்ணுக்குள் கிடந்த விதைகளில் சில அப்போதும் முளைத்தன! முளைத்தது பெரும்பாலும் ஒரே ஒரு களைச்செடி வகைதான். மற்ற பல வகைகள் எப்போதோ செத்துப்போயிருந்தன.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். எல்லா விதையும் ஒரே மாதிரி காத்திருப்பதில்லை. வங்கி பாஷையில் சொன்னால், சில செடிகள் போட்டு வைப்பது பிக்சட் டெபாசிட். கொழுஞ்சி, ஆவாரை போன்றவற்றின் விதைக்குத் தோல் கெட்டி. தண்ணீர் சுலபமாக உள்ளே போகாது. ஒரு மழைக்குக் கொஞ்சம், அடுத்த மழைக்குக் கொஞ்சம் என்று பல வருடங்களுக்குத் தவணை முறையில் முளைக்கும். ஆனால் ஆடுமாடு விரும்பித் தின்கிற, வருடக்கணக்கில் தூர்விட்டு நிற்கிற புற்களில் பல அப்படியில்லை. அவற்றுக்கு இருப்பது நடப்புக் கணக்கு. விதை மண்ணில் அதிக வருடம் தாங்காது. தாய்த்தூர் உயிரோடு இருந்து வருடாவருடம் விதை உதிர்த்தால்தான் கணக்கில் இருப்பு நிற்கும். நாலைந்து வருடம் உதிர்க்க விடாமல் செய்தால், பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் அந்தப் புல் வராது.

எங்கள் அப்பத்தா பள்ளிக்கூடம் போனவரில்லை. ஆனால் மேய்ச்சல் காட்டில் எந்தப் புல்லைக் காட்டினாலும் பெயர் சொல்வார். அவர் போன வருடம் சொன்னது: "முன்னெல்லாம் மழ பேஞ்சா போதும் சாமி, காடு தானா எந்திரிச்சுரும். இப்ப மழ பேயத்தான் செய்யுது, காடு எந்திரிக்க மாட்டேங்குது." இருப்பு இல்லாத கணக்கில் செக் போட்டால் திரும்பி வரும் அல்லவா? அதைத்தான் அவர் தன் பாஷையில் சொல்கிறார்.

நம் ஊர்ச் சொத்து

நம் மாவட்டத்தின் மேற்கு, வடக்குப் பக்கங்களிலும், கரூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களிலும் 'கொரங்காடு' என்று ஒரு முறை இருக்கிறது. மழை குறைந்த, பயிர் செய்ய லாயக்கில்லாத மானாவாரி நிலத்தைச் சுற்றி முள்ளுக்கிளுவையால் உயிர்வேலி போட்டு, நடுவே வெள்வேல மரங்களை விட்டு, தரையில் புல் வளர்த்து ஆடுமாடு மேய்ப்பார்கள். ஒரு காட்டில் மேய்த்து, இன்னொரு காட்டை ஆற விடுவார்கள். காங்கயம் மாடுகள் பேர் வாங்கியதே இந்தக் கொரங்காட்டுப் புல்லால்தான். மேச்சேரி, மயிலம்பாடி ஆடுகளுக்கும் இதுதான் சாப்பாட்டுத் தட்டு. கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகும்.

இந்தக் காட்டின் ராஜா யார் தெரியுமா? கொழுக்கட்டைப்புல்! வறட்சிக்கு அசராது. மேய மேயத் தூர்விடும். ஒருமுறை பிடித்துவிட்டால் பல வருடம் நிற்கும்.

காட்டை ஆற விடுவது என்றேனே, அதுதான் இதில் இருக்கிற சூட்சுமம். ஆற விட்ட காட்டில் புல் கதிர் வாங்கி விதை உதிர்க்கிறது. அதாவது, வங்கியில் பணம் கட்டப்படுகிறது. செம்மறிக் கிடை போடும்போது புழுக்கையோடு சேர்ந்து விதையும் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகிறது. அதை மணியார்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்! புத்தகம் படிக்காத நம் பெரியவர்கள் விதை வங்கி என்ற வார்த்தையைக் கேட்டதில்லை. ஆனால் அதன் மேனேஜர்களாக அவர்கள்தான் இருந்தார்கள்.

நம்ம ஹீரோ அங்கே வில்லன்!

இதே கொழுக்கட்டைப்புல்லுக்கு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் என்ன மரியாதை தெரியுமா? 2005-இல் அதைத் தீங்கான களை என்று அரசே அறிவித்துவிட்டது. அங்கே அதன் பெயர் பபல் புல். டூசான் நகரத்தை ஒட்டிய மலைகளில் தொண்டர்கள் கடப்பாரையோடு போய் அதைத் தூரோடு பிடுங்குகிறார்கள்!

ஏன் இப்படி? ஆப்பிரிக்கா, அரேபியா, இந்தியா இவைதான் இந்தப் புல்லின் தாய்நாடு. 1930, 40-களில் அமெரிக்க மண் பாதுகாப்புத் துறையினர் மண் அரிப்பைத் தடுக்கவும் மாட்டுத் தீவனத்துக்கும் என்று அதைக் கொண்டுபோனார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் பாலைவனத்தில் செடிக்கும் செடிக்கும் நடுவே வெறும் மண் இருக்கும். தீப்பிடித்தாலும் பரவாது. நம் புல் போய் அந்த இடைவெளிகளை அடைத்துவிட்டது. இப்போது தீப்பிடித்தால் மலையே எரிகிறது. நூறு வருடத்துக்கு மேல் வாழும் சாகுவாரோ என்கிற ராட்சதக் கள்ளி கருகுகிறது. நெருப்பு ஆறியதும் நம் புல் தூரிலிருந்து துளிர்க்கிறது, கள்ளி துளிர்ப்பதில்லை.

ஆஸ்திரேலியாவுக்கு இது போன விதம் இன்னும் வேடிக்கை. 1870-களையொட்டி ஒட்டகங்களோடு அங்கே போன ஆப்கானியர்கள் தங்கள் ஒட்டகச் சேணத்தில் அடைத்திருந்த காய்ந்த புல்லில் விதை இருந்திருக்கிறது! பிறகு அரசாங்கமும் பண்ணைக்காரர்களும் வேண்டுமென்றே விதைத்தார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரைச் சுற்றிப் புழுதி அடங்கட்டும் என்றும் விதைத்தார்கள். புழுதி அடங்கியது, கூடவே அந்த ஊர்ச் செடிகளும் அடங்கிவிட்டன. 2015-இல் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் இதைக் களை என்று அறிவித்தது.

வெளியிலிருந்து வந்த ஒரு புல், உள்ளூர் விதை வங்கியை எப்படிக் காலி பண்ணுகிறது? நான் புரிந்துகொண்ட வரையில் நாலு வழிகள்.

ஒன்று, வரவை நிறுத்துகிறது. அடர்ந்து வளர்ந்து ஈரத்தையும் வெயிலையும் பிடுங்கிக்கொள்வதால் உள்ளூர்ச் செடி பூத்துக் காய்ப்பதில்லை. காய்க்காவிட்டால் விதை ஏது?

இரண்டு, செலவை மட்டும் நடத்துகிறது. மழை பெய்யும்போது ஏற்கெனவே மண்ணில் இருக்கிற விதை முளைத்துவிடும். முளைத்த கன்று புல்லுக்கடியில் வெளிச்சமில்லாமல் சாகும். ஒவ்வொரு மழைக்கும் கணக்கிலிருந்து ஒரு தொகை கழிந்துகொண்டே இருக்கும்.

மூன்று, நெருப்பு. காய்ந்த புல் எரியும்போது மண்ணின் மேற்பரப்பில் கிடக்கும் விதைகளும் சேர்ந்து வேகும்.

நாலு, காலியான கணக்கில் தன் விதையைக் கொட்டி நிரப்புகிறது. வெளியே பார்த்தால் 'பச்சைப் பசேல்' என்றுதான் இருக்கும். ஆனால் பாஸ்புக்கில் பெயர் மாறியிருக்கும்.

ஆக, புல்லில் நல்ல புல், கெட்ட புல் என்று ஜாதி இல்லை நண்பர்களே. சொந்த ஊரில் ஆடு இருக்கிறது, மாடு இருக்கிறது, பூச்சி இருக்கிறது, பக்கத்திலேயே போட்டிக்கு வேறு புல் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து அதை அளவோடு வைக்கின்றன. போன இடத்தில் கேட்பதற்கு ஆளில்லை. அதனால்தான் அது அட்டகாசம் பண்ணுகிறது.

இங்கே வந்த விருந்தாளிகள்

நம் புல் அங்கே போனது போல, அங்கிருந்து இங்கேயும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். முதலாவது பார்த்தீனியம். வட இந்தியாவில் இதைக் காங்கிரஸ் புல் என்பார்கள். பெயரில் புல் இருந்தாலும் இது புல் இல்லை. மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்த பூண்டு. 1950-களின் நடுவில் புனேயில் கவனிக்கப்பட்டது. அமெரிக்கக் கோதுமையோடு கலந்து வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். இன்று திண்டுக்கல்லில் காலி பிளாட் எங்கே இருந்தாலும் அங்கே இதன் வெள்ளைப் பூ இருக்கும். தொட்டால் சிலருக்கு அரிப்பு, மகரந்தம் பட்டால் சிலருக்கு இழுப்பு. ஆடுமாடு வாயே வைக்காது.

ஒரு பார்த்தீனியச் செடி 15,000 முதல் 25,000 விதை வரை உதிர்க்கும். முளைத்து ஐந்தாறு வாரத்தில் பூத்துவிடும். இதில் நமக்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இந்த விதை மண்ணின் மேலேயே கிடந்தால் சில மாதங்களில் பெரும்பாலும் கெட்டுவிடும். ஆனால் சில சென்டிமீட்டர் ஆழத்தில் புதைந்துவிட்டால் வருடக்கணக்கில் தாங்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்துச் சோதித்தபோது, இரண்டு வருடம் கழித்தும் பாதிக்கு மேல் உயிரோடு இருந்தன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஜே.சி.பி. பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

பெங்களூரில் 1984-இல் இதைத் தின்பதற்கென்றே மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்த ஒரு வண்டை விட்டார்கள். மழைக்காலத்தில் அது இலையை நன்றாகவே தின்கிறது. ஆனால் மண்ணுக்குள் இருக்கிற விதையை அது என்ன செய்ய முடியும்?

இரண்டாவது, நம் எல்லாருக்கும் தெரிந்த சீமைக்கருவேலம். விறகுப் பஞ்சத்தைத் தீர்க்க, அன்றைய மெட்ராஸ் மாகாண வன அதிகாரி பெட்டோம் கேட்டு 1877-இல் ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் நட்டார்கள். குஜராத்தின் கட்ச் பகுதியில் பன்னி என்று பெரிய புல்வெளி உண்டு. உப்பு நிலம் பரவாமல் தடுக்க 1960-களில் அங்கே இதை விதைத்தார்கள். எருமை மேய்ந்த அந்தப் புல்வெளியின் பெரும்பகுதியில் இன்று இந்த முள்தான் நிற்கிறது. நம் ஊரில் குளம், கண்மாய், ஆற்றங்கரை, புறம்போக்கு என்று எங்கும் அதுதான். அதன் அடியில் புல் வளர்வது அபூர்வம். ஆடுமாடு அதன் காயைத் தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் போகிற இடமெல்லாம் முளைக்கும். கிடை போட்டு நல்ல புல்லின் விதையைப் பரப்பிய அதே ஆடு, இப்போது முள்ளையும் பரப்புகிறது. பாவம், ஆட்டுக்குத் தெரியுமா?

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எத்தனையோ ஏழைக் குடும்பங்களில் அடுப்பு எரிவது சீமைக்கருவேல விறகில்தான். கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்களும் உண்டு. கோடையில் வேறு தீனி இல்லாதபோது அதன் காய்தான் ஆட்டைக் காப்பாற்றுகிறது. ஆகவே 'ஒழிக' என்று கோஷம் போட்டுவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

பிடுங்கினால் போதுமா?

2017-ஆம் வருடம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அப்போது நாம் தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் இருந்தோம். சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது. ஊரெங்கும் ஜே.சி.பி. ஓடியது. பிறகு அதே வருடம் உயர் நீதிமன்றமே அதை நிறுத்தியும் வைத்தது. 2022-இல் தமிழக அரசு இப்படிப்பட்ட அந்நியக் களைத் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையையே வெளியிட்டது. பிடுங்கினால் மட்டும் போதாது, அந்த இடத்தில் பழைய செடிகொடிகளை மீட்டுக் கொண்டுவர வேண்டும் என்பதும் அதில் உண்டு. நல்ல விஷயம்.

ஆனால் தரையில் நடப்பது என்ன? மெஷினை விட்டு முள்ளைத் தூரோடு பெயர்த்துவிட்டு, "கிளீன் பண்ணியாச்சு" என்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். யோசித்துப் பாருங்கள். மெஷின் பக்கெட் ஒரு கடி கடித்தால் மூன்றடி மண் புரள்கிறது. மேலே 5 சென்டிமீட்டரில் இருந்த கொஞ்சநஞ்ச நல்ல விதையும் ஆழத்துக்குப் போய்ச் செத்துவிடும். மேலே கிடந்து தானாகவே கெட்டுப்போயிருக்க வேண்டிய பார்த்தீனிய விதையோ புதைந்து வருடக்கணக்கில் பத்திரமாகிவிடும். அடுத்த முறை கிளறும்போது மேலே வந்து முளைக்கும். களையை ஒழிக்கிறேன் என்று போய்க் களைக்கே பிக்சட் டெபாசிட் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறோம்! இருப்பு என்ன என்று பார்க்காமல் கணக்கை முடிப்பவர் உண்டா? மேலே இருக்கிற செடியைப் பார்த்து முடிவு எடுக்கிறோம். கீழே இருக்கிற விதையைப் பார்ப்பதே இல்லை. இதுதான் என் குற்றச்சாட்டு.

"வளர்ச்சி வேண்டாமா? நாலுவழிச் சாலை வேண்டாமா? வீட்டு மனை வேண்டாமா? இன்னும் ஆடு மேய்த்துக்கொண்டே இருக்கச் சொல்கிறாயா?" என்று என்னோடு ஒரு நண்பர் வாதம் செய்தார். வேண்டாம் என்று யார் சொன்னது? சாலை போடத்தானே நானும் படிக்கிறேன். ஆனால் ஒன்றை மறந்துவிட வேண்டாம். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். நான் இங்கே சேர்ந்த அன்று கட்டிய பணம், இரண்டு செம்மறிக் கிடாயை விற்ற பணம். அந்தக் கிடாய்கள் வளர்ந்தது காசு கொடுத்து வாங்கிய தீவனத்தில் இல்லை. மழைக்கு முளைத்த புல்லில். இந்த மலரைப் படிக்கிற உங்களில் எத்தனை பேர் வீட்டிலும் இதே கதை என்று எனக்குத் தெரியும். நம்மைப் போன்றவர்களுக்கு மேய்ச்சல் நிலம் என்பது ஸ்காலர்ஷிப். அய்யலூர்ச் சந்தைக்கு ஆட்டை ஓட்டிப் போகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதுதான் ஏ.டி.எம். நமக்குப் பின்னால் வருகிற தம்பி தங்கைகளுக்கு அந்தக் கணக்கில் இருப்பு இருக்க வேண்டுமா, வேண்டாமா?

நம்மால் என்ன முடியும்?

பேசிக்கொண்டே இருந்தால் போதாது. டிப்ளமோ படிக்கிற நம் கைக்கு எட்டிய வேலைகளை மட்டும் சொல்கிறேன்.

முதலில், கணக்குப் பார்ப்போம். ஒரு மண்ணில் என்ன விதை இருக்கிறது என்று பார்க்கப் பெரிய லேப் தேவையில்லை. 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள பி.வி.சி. பைப்பை மெக்கானிக்கல் பிரிவு நண்பர்கள் அறுத்துக் கொடுக்கட்டும். சர்வே படித்த நாம் நிலத்தில் கட்டம் போட்டு 10 இடம் குறிப்போம். மழைக்கு முன்பு ஒவ்வொரு இடத்திலும் பைப்பை 5 சென்டிமீட்டர் ஆழம் இறக்கி மண் எடுத்து, கல்லைப் பொறுக்கிவிட்டுத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, தினம் தண்ணீர் தெளிப்போம். முளைப்பதை எண்ணி, பெயர் கண்டுபிடித்து, பிடுங்கிவிடுவோம். இரண்டு மூன்று மாதம் இதைத் தொடர வேண்டும்.

கணக்கு சுலபம். பைப்பின் பரப்பு 3.14 × 2.5 × 2.5, அதாவது 19.6 சதுர சென்டிமீட்டர். 10 இடத்துக்கு 196. அதில் 40 கன்று முளைத்தது என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 2,040 விதை. கொரங்காட்டு மண் ஒரு தட்டு, சீமைக்கருவேலத்தின் அடிமண் ஒரு தட்டு, காலி பிளாட் மண் ஒரு தட்டு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தக் கணக்கில் யார் பெயர் இருக்கிறது என்பது கண்கூடாகத் தெரிந்துவிடும். பெயர் தெரியாவிட்டால்? ஊருக்கு எடுத்துப் போங்கள். உங்கள் அப்பத்தாவோ தாத்தாவோ சொல்வார்கள். அவர்களுக்கு நாம் மாணவராக இருப்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

இரண்டாவது, சைட்டில் நிற்கும்போது மேல்மண்ணைக் குப்பையாக நினைக்காதீர்கள். நல்ல புல் இருந்த இடத்தில் மேல் 10 சென்டிமீட்டர் மண்ணைத் தனியாக வழித்து, மலை மாதிரிக் குவிக்காமல் தாழ்வாகப் பரப்பி வைத்து, வேலை முடிந்ததும் சாலைச் சரிவிலோ கரையிலோ சீக்கிரமே மறுபடி விரித்துவிட வேண்டும். அதிக உயரத்துக்கு, அதிக நாள் குவித்து வைத்தால் உள்ளே இருக்கிற விதை செத்துவிடும். கரையில் புல் பிடித்தால் மண் அரிப்பும் நிற்கும்; எஸ்டிமேட்டிலும் மிச்சம்.

மூன்றாவது, பார்த்தீனியம் மண்டிய இடத்து மண்ணையும் கிராவலையும் இன்னொரு இடத்துக்கு நிரப்பக் கொண்டு போகும்முன் யோசிக்க வேண்டும். ஒரு லோடு மண்ணோடு எத்தனை ஆயிரம் விதை போகும்! குயின்ஸ்லாந்தில் பார்த்தீனியப் பகுதியை விட்டு வெளியே வரும் வண்டிகளைக் கழுவுவதற்கென்றே இடங்கள் கட்டி வைத்திருக்கிறார்கள். நம்மால் அவ்வளவு முடியாவிட்டாலும், மெஷினின் பக்கெட்டிலும் சக்கரத்திலும் ஒட்டிய மண்ணை அங்கேயே தட்டிவிட்டுப் போகச் சொல்லலாம் அல்லவா? அது ஐந்து நிமிட வேலை.

நாலாவது, பிடுங்குவதானால் பூக்கும் முன் பிடுங்குவோம். பிடுங்கிய இடத்தை வெறுமையாக விடாமல் விதைப்போம். கொழுக்கட்டைப்புல், கொழுஞ்சி விதை சேகரித்து முதல் மழைக்குத் தூவலாம். கொரங்காட்டில் கதிர் முற்றிய புல்லை அறுத்துக் கொண்டுவந்து பரப்பினாலே விதை உதிரும். ஒரு வருடம் செய்துவிட்டு விட்டால் பலன் இல்லை. களையின் சேமிப்பு தீரும்வரை நாலைந்து மழைக்காவது தொடர வேண்டும். வருடாவருடம் புது மாணவர்கள் வருகிற நம் கல்லூரி யூனியனைவிட இதற்குத் தோதான அமைப்பு வேறு எது? பீல் புதைத்த பாட்டிலை அவருக்குப் பின் வந்தவர்கள் தோண்டவில்லையா? நாம் ஆரம்பித்ததை நம் ஜூனியர்கள் தொடரட்டும்.

முடிவாக யூனியன் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருடாவருடம் கேம்ப் போகிறோம். செடி நட்டுப் போட்டோ எடுக்கிறோம். அதில் பாதிச் செடி அடுத்த வருடம் இருப்பதில்லை. இந்த வருடம் அதோடு சேர்த்து, ஐப்பசி மழைக்கு முன் பத்துத் தட்டு மண் எடுத்து நம் ஒர்க்‌ஷாப் பின்புறம் வைப்போம். ஒரு வகுப்புக்கு ஒரு தட்டு. எண்ணிய கணக்கை அடுத்த ஆண்டு மலரில் வெளியிடுவோம். நான் அப்போது இங்கே இருக்கமாட்டேன். ஆனாலும் எங்கிருந்தாலும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன்.

விதைத்தவன் உறங்கினாலும் விதை உறங்காது என்பார்கள். விதை நன்றாகவே உறங்கும், நண்பர்களே! அது எழுந்திருக்கும்போது அதற்கென்று ஒரு காடு இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது விழித்திருக்கிற நம் வேலை.